எரிந்தது போக எஞ்சியதை எங்கே தேடுவது? மாத்தளையிலிருந்து ஊடகமும் தொடர்பாடலும் கற்கும் மாணவர்களுக்கு ஒரு நூலக வழிகாட்டி

மாத்தளை மாவட்டத்தில் அரச பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை பக்கத்துப் பாடசாலைகளில் படித்து, உயர்தரத்தில் சித்தியடைந்து, ஊடகத்துறைக்குப் போக விரும்பும் தமிழ்ப் பிள்ளைகள் மாவட்டத்தை விட்டு வெளியேறித்தான் ஆகவேண்டும். சிலர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், கோணேசபுரியில் இருக்கும் தொடர்பாடல் வணிகக் கற்கைகள் பீடத்துக்குப் போகிறார்கள். சிலர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படிக்கிறார்கள். இறுதியாண்டில் ஆய்வேடு எழுத வேண்டி வரும்போது இவர்களில் பலர் தங்கள் ஊரையே தலைப்பாக எடுக்கிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

நானும் ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்று, இப்போது சுதந்திர ஊடகவியலாளராக எழுதி வருகிறேன். ஆய்வேடு எழுதும் தம்பி தங்கைமார் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான். தலைப்பு கிடைத்துவிட்டது, கோட்பாட்டு நூல்களும் கிடைத்துவிட்டன, ஆனால் எங்கள் ஊரைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் எழுதியதை எங்கே பார்ப்பது? பதில் கிடைக்காதவர்கள் ஐம்பது பேரிடம் வினாக்கொத்தைக் கொடுத்து, சதவீதம் போட்டு, ஆய்வேட்டை முடித்துவிடுகிறார்கள். ஒரு மக்கள் கூட்டத்தின் ஊடக வரலாறு இப்படித்தான் எழுதப்படாமலே போகிறது.

எங்கள் ஆவணங்களில் பெரும்பகுதி எரிந்தும் இடம்பெயர்ந்தும் போயிருக்கிறது. ஆனால் எல்லாமே போய்விடவில்லை. எஞ்சியவை எங்கே, ஏன் அங்கே இருக்கின்றன, அவற்றை எடுத்துத் தர நூலகர் என்ன செய்ய முடியும், மாணவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பவற்றை இந்தக் கட்டுரை ஒரே இடத்தில் தருகிறது. யுத்தத்தில் உறவுகளையும் ஊரையும் இழந்து, தங்கள் குடும்பக் கதையைத் தேடும் எவருக்கும் இந்த வழிகள் உதவும்.

மாத்தளையை ஏன் ஆராய வேண்டும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளை நடந்து கடந்து, தம்புள்ளை வழியாக மலைநாட்டுக்கு ஏறினார்கள். அந்தப் பாதை மலையில் தொடும் வாசல் மாத்தளை. மலையக மக்களின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம், ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றதும் இதனால்தான்.

அதே பாதையில் மக்கள் திரும்பி நடந்த காலமும் உண்டு. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறினார்கள். அவர்களைக் குடியேற்றுவதில் முன்னின்ற காந்தியம் அமைப்பின் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் இருவரும் 1983 ஏப்ரலில் கைதானார்கள். இராஜசுந்தரம் அதே ஆண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். குடியேறிய குடும்பங்கள் பின்னர் வன்னியின் இறுதி யுத்தம்வரை எல்லாவற்றையும் அனுபவித்தன. இன்று கிளிநொச்சியில் இருக்கும் ஒரு குடும்பத்தின் முதல் இடப்பெயர்வு பற்றிய செய்தி, மாத்தளைச் செய்தியாக ஏதோ ஒரு பழைய பத்திரிகையின் உள்பக்கத்தில் இருக்கலாம்.

நூல்கள் அழிந்த வரலாறும் மாத்தளைக்குப் புதிதல்ல. பௌத்தப் பாளி மறைநூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலில் எழுத்தில் பொறிக்கப்பட்டதாக மரபு சொல்லும் அலுவிகாரை, மாத்தளை நகருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1848 கிளர்ச்சியைப் பிரித்தானியர் அடக்கியபோது அங்கிருந்த சுவடிகள் அழிந்தன. நூற்றுமுப்பத்துமூன்று ஆண்டுகளின் பின், 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாகின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. ஒரு பத்திரிகை தன் பழைய இதழ்களை வைத்திருக்கும் இடத்தையே இழந்தால், அதை ஆராய வருபவர் வேறிடத்தில் பிரதி இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.

அந்த வேறிடத்தைச் சட்டம் உண்டாக்கி வைத்திருக்கிறது

இலங்கையில் அச்சாகும் நூல்களும் இதழ்களும் அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது பிரித்தானியர் காலத்து விதி. 1839இன் பத்திரிகைகள் கட்டளைச் சட்டமும், 1885ஆம் ஆண்டின் முதலாம் இலக்க அச்சிடுவோர் வெளியிடுவோர் கட்டளைச் சட்டமும் அதற்கு அடிப்படை. அச்சகங்களைக் கண்காணிப்பதற்காகப் போட்ட சட்டங்கள் இவை. ஆனால் அவற்றின் பயன் இன்று எங்களுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தில் எரிந்த ஒரு நூலின் இன்னொரு பிரதி இந்தச் சட்டத்தின் காரணமாகக் கொழும்பிலோ பேராதனையிலோ இருக்க வாய்ப்பிருக்கிறது.

தேட வேண்டிய முக்கிய இடங்கள் நான்கு.

முதலாவது, பேராதனைப் பல்கலைக்கழக நூலகம். 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு மாறியது. சட்டப்படி ஒப்படைக்கப்படும் வெளியீடுகளைப் பெறும் நூலகங்களில் இதுவும் ஒன்று. இங்கே இலங்கை பற்றிய நூல்களுக்கும் வெளியீடுகளுக்கும் தனிச் சேகரிப்பு இருக்கிறது. மாத்தளையிலிருந்து கண்டிக்கு சுமார் 25 கிலோமீற்றர், அங்கிருந்து பேராதனை இன்னும் சில கிலோமீற்றர். காலையில் பஸ் ஏறினால் பின்னேரம் வீடு திரும்பலாம். மாத்தளை மாணவருக்கு நாட்டின் மிகப் பெரிய ஆய்வு நூலகங்களில் ஒன்று கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தாங்கள் படிக்கும் பல்கலைக்கழகம் வேறு என்பதால் அது தங்களுக்கு உரியதல்ல என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது, கொழும்பு 7இல் இருக்கும் தேசிய சுவடிகள் திணைக்களம். பழைய பத்திரிகைகளுக்கு முதலில் போக வேண்டிய இடம் இது. மூன்றாவது, கொழும்பு நூதனசாலை நூலகம். அதன் தொடக்கம் 1870இல் நிறுவப்பட்ட அரசாங்கக் கீழைத்தேய நூலகம்; 1877இல் நூதனசாலையோடு இணைந்தது. நான்காவது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம். 1974இல் வளாகமாகத் தொடங்கிய காலத்திலிருந்து வடபகுதி வெளியீடுகளைத் தேடுபவர் தவிர்க்க முடியாத இடம் அது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 1990க்குப் பின் ஏ-9 வீதி மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் வடக்கில் அச்சான இதழ்கள் கொழும்புக்கு ஒழுங்காகப் போய்ச்சேர வழி இருக்கவில்லை. பத்திரிகைத் தாளுக்குத் தடை இருந்ததால் கோடிட்ட கொப்பித் தாளில்கூடப் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. அந்த ஆண்டுகளைத் தேடுபவர் அரச களஞ்சியத்தை மட்டும் நம்பக்கூடாது. தனியார் சேகரிப்புகளையும் இணையச் சேகரிப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நூலகர் என்ன உதவி செய்ய முடியும்?

எங்கள் பாடசாலைகளில் நூலகர் என்றால் புத்தகத்தை இரவல் கொடுத்து வாங்குபவர். பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் உதவி நூலகர், சிரேஷ்ட உதவி நூலகர் ஆகியோர் கல்விசார் பதவி வகிப்பவர்கள். ஆய்வுக்கு வழிகாட்டுவது அவர்களுடைய வேலையின் ஒரு பகுதி. அதைக் கேட்டுப் பெறுவது மாணவருடைய உரிமை.

உசாத்துணைப் பகுதியில் ஒரு நல்ல நூலகர் உங்களிடம் ஐந்து விடயங்களைக் கேட்பார். எந்தக் காலம்? எந்த ஊர்? எந்த மொழிப் பத்திரிகைகள்? செய்தியா, ஆசிரியர் தலையங்கமா, விளம்பரமா? எப்போது முடிக்க வேண்டும்? அவர் கேட்காவிட்டாலும் இந்த ஐந்துக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "மலையக மக்களும் ஊடகமும்" என்ற தலைப்போடு போனால் அவரால் ஒரு அலுமாரியைக் காட்டத்தான் முடியும். "1983 ஜூலை 24 முதல் ஓகஸ்ட் 31 வரை மாத்தளை மாவட்டம் பற்றி மூன்று நாளிதழ்கள் வெளியிட்ட செய்திகள்" என்று கேட்டால் எந்தக் கட்டு, எந்த அறை, எந்த நாள் வரலாம் என்றே சொல்லிவிடுவார்.

சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள். அவற்றில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. தோட்டத்தில் கூலிக்குப் போகும் தாயின் பணத்தில் பஸ் ஏறி வரும் பிள்ளைக்கு நேரம் என்பது காசும்தான். ஒரு நாள் வீணாகப் போனால் அடுத்த முறை அந்தப் பிள்ளை வராமலே விடலாம்.

அலுமாரிகளுக்கு நடுவே நீங்களே தேடுவதற்கும் ஒரு திறவுகோல் இருக்கிறது. எங்கள் நூலகங்களில் பெரும்பாலானவை தூயி தசமப் பகுப்பைப் பின்பற்றுகின்றன. அதில் இதழியலும் பத்திரிகைகளும் 070. வெகுசன ஊடகமும் சமூகமும் 302.23. திரைப்படம் 791.43, வானொலி 791.44, தொலைக்காட்சி 791.45. இலங்கை வரலாறு 954.93. தமிழ் இலக்கியம் 894.811. தொடர்பாடல் மாணவர் 302.23 அலுமாரியோடு நின்றுவிடக்கூடாது. மலையகப் பத்திரிகை பற்றிய தமிழ் நூலை வாழ்க்கை வரலாற்றிலோ, தொழிற்சங்க வரலாற்றிலோ, இலக்கிய வரலாற்றிலோ வைத்திருப்பார்கள்.

அதற்கு நல்ல உதாரணம் கோ. நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து வந்து, தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டி, 1920களில் தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தியவர். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளும் தேசபக்தனில் எழுதினார், தொழிலாளர் நடுவே பாடினார். நடேசய்யரை மறதியிலிருந்து மீட்டு நூல்கள் எழுதியவர் சாரல்நாடன். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர். தேயிலைத் தோட்டத் துறையில் வேலை பார்த்தவர். நடேசய்யரை ஒரு பத்திரிகையாளராக வைத்துத் தனி நூலே எழுதினார். மலையக ஊடக வரலாற்றில் இன்று நாம் மேற்கோள் காட்டும் அடிப்படை நூல்களைத் தந்தவர் அவர். பட்டப்படிப்பும் வழிகாட்டியும் உள்ள மாணவருக்கு இது துணிவு தர வேண்டும்.

ஒரு கேள்வியை நடத்திப் பார்ப்போம்

மேலே சொன்ன 1983 தலைப்பையே எடுத்துக்கொள்வோம். அந்த ஜூலையில் மாத்தளையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. முத்துமாரியம்மன் கோவிலும் தாக்கப்பட்டு எரிந்தது. இதைப் பத்திரிகைகள் எப்படிச் சொல்லின?

முதல் படி, எந்தப் பத்திரிகைகள் அன்று வெளிவந்துகொண்டிருந்தன, அவை யாருடையவை என்று அறிவது. வீரகேசரி 1930இல் தொடங்கிய தனியார் நாளிதழ். தினகரன் 1932இல் தொடங்கியது. அதை வெளியிட்ட லேக்ஹவுஸ் நிறுவனத்தை 1973ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதே நிறுவனத்தின் ஆங்கில, சிங்கள நாளிதழ்களும் அப்படியே. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சற்றர்டே ரிவியூ என்ற ஆங்கில வார இதழும், சுதந்திரன் பத்திரிகையும் 1983 ஜூலைத் தொடக்கத்திலேயே சீல் வைத்து மூடப்பட்டுவிட்டன. வன்செயல் வெடிக்கும்போது அவை இல்லை.

இரண்டாம் படி, தணிக்கை. அவசரகால விதிகளின் கீழ் அப்போது பத்திரிகைத் தணிக்கை நடைமுறையில் இருந்தது. எனவே மாத்தளை பற்றிய செய்தி எதுவும் இல்லாத நாட்களும் இருக்கும். பல மாணவர்கள் இந்த இடத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை என்று தலைப்பையே மாற்றிவிடுகிறார்கள். மாற்ற வேண்டியதில்லை. ஊடக ஆய்வில் மௌனமும் தரவுதான். ஒரு நகரம் எரிந்த நாளில் ஒரு பத்திரிகையின் முதற்பக்கத்தில் என்ன இருந்தது என்று பதிவு செய்தால், அதுவே உங்கள் ஆய்வின் பலமான அட்டவணையாக அமையும். அரசு அறிவிப்பு மட்டும் வந்த நாள், சம்பவம் வந்தும் ஊர்ப் பெயர் வராத நாள், எதுவுமே வராத நாள் என்று மூன்று வகையாகப் பிரித்துக் குறியுங்கள்.

மூன்றாம் படி, பதிவுத் தாள். திகதி, பத்திரிகை, பக்கம், தலைப்பு, செய்தியின் நீளம், யாருடைய வாக்கு மேற்கோளாக வந்திருக்கிறது, பாதிக்கப்பட்டவர்களை எந்தச் சொல்லால் குறித்திருக்கிறார்கள் என்று நிரல்கள் போடுங்கள். "அகதிகள்", "தோட்டத் தொழிலாளர்", "இந்திய வம்சாவளியினர்", "தமிழர்" என்ற சொற்களுக்கிடையே உள்ள வித்தியாசம்தான் கோட்பாட்டு நூல்கள் சட்டகப்படுத்தல் என்று சொல்லும் விடயம். 1968 அமெரிக்கத் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா இருவரும் சப்பல் ஹில் நகரில் செய்து 1972இல் வெளியிட்ட நிகழ்ச்சிநிரல் அமைத்தல் ஆய்வும் இப்படிச் செய்திகளை வகைப்படுத்தி எண்ணி, வாக்காளர் சொன்னதோடு ஒப்பிட்டதுதான். கோட்பாட்டைப் பாடப்புத்தகத்தில் மனனம் செய்வதைவிட, ஒரு கட்டுப் பத்திரிகையோடு ஒரு நாள் உட்கார்ந்தால் நன்றாக விளங்கும்.

நான்காம் படி, பத்திரிகை சொல்லாததை வேறெங்கு பார்ப்பது? 1977 வன்செயல்களை விசாரித்த சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கை 1980இல் அரசின் அமர்வுப் பத்திரமாக வெளியானது. 1981 முதல் 1984 வரையான வன்செயல்களை ஆராய 2001இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி உண்மை ஆணைக்குழு 2002இல் அறிக்கை தந்தது. பாராளுமன்ற விவாதங்களின் ஹன்சாட் பதிவுகளும் இருக்கின்றன. இவற்றை நூலகத்தின் அரச வெளியீட்டுப் பகுதியில் கேளுங்கள். பத்திரிகையில் வந்ததையும் ஆணைக்குழு முன் மக்கள் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது ஒரு நல்ல ஆய்வேட்டுக்குப் போதுமான வேலை.

ஐந்தாம் படி, பிரதி எடுப்பது. பழைய பத்திரிகைத் தாள் தொட்டால் நொறுங்கும். அதனால் பெரும்பாலும் போட்டோ கொப்பி எடுக்க விடமாட்டார்கள். கைத்தொலைபேசியில் படமெடுக்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். அனுமதி கிடைத்தால் முதலில் பத்திரிகையின் பெயரும் திகதியும் தெரியும்படி ஒரு படம், பிறகு முழுப்பக்கம், பிறகு செய்தி என்ற ஒழுங்கில் எடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தபின் எந்தத் துண்டு எந்த நாளுக்குரியது என்று தெரியாது. ஆய்வுக்காகச் செய்யும் நேர்மையான பயன்பாட்டை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

போகுமுன் தயாராக வைத்திருக்க வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, மாணவர் அட்டை, துறைத்தலைவரோ ஆய்வு வழிகாட்டியோ தந்த கடிதம். வேறு பல்கலைக்கழக மாணவரை அனுமதிக்கும் விதிகள் நூலகத்துக்கு நூலகம் வேறுபடும். உங்கள் சொந்தப் பல்கலைக்கழக நூலகரே மற்ற நூலகத்துக்கு எழுதித் தந்தால் வேலை சுலபம். தொலைவிலிருக்கும் ஒரு கட்டுரை மட்டும் தேவையென்றால், நூலகங்களுக்கிடையிலான இரவல் முறையில் பிரதி எடுத்துத் தர முடியுமா என்றும் அவரிடமே கேட்கலாம்.

வீட்டிலிருந்தே தேடக்கூடியவை

பயணம் போகுமுன் நூலகம் இணையச் சேகரிப்பைப் பாருங்கள். 2005இல் ஒரு சில தன்னார்வலர்களோடு தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில் இன்று ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், நினைவு மலர்கள், ஓலைச்சுவடிகள் என்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. எல்லாம் இலவசம். மலையக வெளியீடுகளும் நிறைய உண்டு. 1981இன் எரிப்புக்கு எங்கள் சமூகம் தந்த பதில்களில் மிகப் பயனுள்ளது இது என்பது என் கருத்து. தமிழகத்திலும் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும், அவர் மறைவுக்குப் பின் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின.

இலங்கை ஆய்விதழ்களுக்கு, 2008இல் தொடங்கிய ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம் இருக்கிறது. வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு, உங்கள் பல்கலைக்கழக நூலகம் எந்தத் தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்டியிருக்கிறது, வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழைய கடவுச்சொல் தருமா என்று கேளுங்கள். வீட்டில் இருக்கும்போதுதான் அது அதிகம் தேவைப்படும்.

இணையத்தில் தேடும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஊர்ப் பெயர்கள். இறத்தோட்டை, ரத்தோட்டை, ரத்தொட்ட என்று ஒரே ஊருக்குப் பல எழுத்து வடிவங்கள். தோட்டங்களுக்கோ ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் இன்னொன்று. எல்லா வடிவங்களையும் ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் நூலகப் பட்டியலில் இல்லாத பெயர்களும் கிடைக்கும். இரண்டு, எழுத்துரு. யுனிகோட் பரவுவதற்கு முன் எங்கள் இணையத்தளங்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தன. தமிழில் தேடினால் அந்தப் பக்கங்கள் வராது. தேடுசொல்லை எழுத்துரு மாற்றியில் பாமினிக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். மூன்று, மறைந்த தளங்கள். யுத்த காலச் செய்தித்தளங்களில் சில முடக்கப்பட்டன, சில பணமில்லாமல் நின்றுபோயின. தமிழ்நெற் தளத்தை 2007 ஜூனிலிருந்து இலங்கையில் பார்க்க முடியாமல் தடுத்தார்கள். இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைக் கொடுத்தால் 1996க்குப் பின்னான பல பக்கங்களைக் காணலாம். இன்று நீங்கள் மேற்கோள் காட்டும் பக்கத்தையும் அங்கே சேமித்துவிடுங்கள். ஆய்வேட்டைத் திருத்தும் நாளில் அந்தப் பக்கம் இல்லாமல் போகக்கூடும்.

நூலகத்தில் இல்லாதவை

வானொலி கேட்ட அனுபவம், லயத்தில் பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிக்கப் பலர் கேட்ட வழக்கம், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், கோவில் திருவிழா நோட்டீஸ் ஆகியவை எந்தப் பட்டியலிலும் இருக்காது. மாத்தளை எழுத்தாளர்கள் பலர் பெயரிலேயே ஊரைச் சுமந்தவர்கள். மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், 1980இல் அவள் ஒரு ஜீவநதி படத்தைத் தயாரித்த மாத்தளை கார்த்திகேசு என்று நீளும் பட்டியல் அது. அவர்கள் எழுதிய சிற்றிதழ்களும் நாடக அழைப்பிதழ்களும் இன்னும் ஏதோ வீட்டுப் பெட்டிகளில் இருக்கும். அவற்றைத் தேடிப் போவதும் தொடர்பாடல் ஆய்வுதான்.

ஆனால் யுத்தமும் வன்செயலும் கண்ட மக்களிடம் பேசும்போது கவனம் வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள், எங்கே வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லி ஒப்புதல் பெறுங்கள். பெயரை மாற்றச் சொன்னால் ஒலிப்பதிவுக் கோப்பின் பெயரிலும் அதை மாற்றுங்கள். நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் சனத்துக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை இது.

அரச அலுவலகங்களிடமிருந்து தரவு வேண்டுமானால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். உங்கள் பிரதேச சபை நூலகம் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் வாங்கியது, தமிழ் தெரிந்த ஊழியர் எத்தனை பேர் என்று கேட்டு, வரும் பதில்களை மாத்தளையின் பிரதேச செயலகப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் ஒப்பிட்டால் அதுவே ஒரு முழு ஆய்வேடு.

நூலகங்களிடம் நாம் கேட்க வேண்டியவை

மாணவர் தேடக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. பல்கலைக்கழக நூலகங்கள் சில விடயங்களைச் செய்ய முடியும், அவற்றுக்குப் பெரிய பணமும் வேண்டாம். தமிழ் ஊடக ஆய்வுக்கு எந்தப் பத்திரிகை எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை எங்கே இருக்கிறது என்ற ஒரு பொதுப் பட்டியலைத் தமிழில் வெளியிடலாம். இறுதியாண்டு மாணவருக்குத் தலைப்புப் பதியும் மாதத்திலேயே ஒரு நூலகரோடு அரை மணி நேரச் சந்திப்பைக் கட்டாயமாக்கலாம். தமிழ் பேசும் ஒருவர் உசாத்துணை மேசையில் இருக்கும் நாட்களை அறிவிக்கலாம். தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு அரசகரும மொழியாகிவிட்டது. பேராதனைக்கோ கொழும்புக்கோ வரும் ஒரு தோட்டத்துப் பிள்ளை தன் ஆய்வுக் கேள்வியைத் தன் மொழியில் கேட்க முடியவேண்டும்.

இறுதியாண்டு ஆய்வேடுகளின் நிலையையும் சொல்ல வேண்டும். புள்ளி போட்டு முடிந்ததும் பலவும் துறை அலுமாரிகளில் உறங்கிவிடுகின்றன. அடுத்து வரும் மாணவர் அதே தலைப்பை அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார். ஆய்வேடு முடிந்ததும் ஒரு பிரதியை மாத்தளைப் பொது நூலகத்துக்குக் கொடுங்கள். வழிகாட்டியின் அனுமதியோடு ஒரு மின்பிரதியை நூலகம் சேகரிப்புக்கு அனுப்புங்கள். பத்திரிகைகளிலிருந்து நீங்கள் எடுத்த பதிவுத் தாளையும் பின்னிணைப்பாகச் சேருங்கள். பேட்டி கொடுத்தவர்களின் பெயர்களை மட்டும் நீக்கிவிடுங்கள். ஒரு பிரதி ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்று இடங்களில் வையுங்கள்.